முதல்முறையாக கேம் மாஸ்டர் ஆகப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசிக் கதையை நகர்த்தும் விளையாட்டுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். அதை ஆடும் குழுக்களில் ஆட எல்லோரும் தயாராக இருப்பார்கள். கேம் மாஸ்டராக இருந்து நடத்தத்தான் ஆள் கிடைக்காது. "இந்தத் தடவை நீயே நடத்திப் பாரேன்" என்று யாராவது சொன்னதும் வயிற்றைக் கலக்கும். அப்படித் தயங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் நான் உறுதியாக நம்பும் ஒரு விஷயம் இருக்கிறது: நடத்துபவருக்குக் கற்பனை வளத்தைவிடக் காது முக்கியம்.

கேம் மாஸ்டர் என்னதான் செய்வார்?

மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை வைத்திருப்பார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் திருடி, ஒருவர் மந்திரவாதி. அந்தச் சிலரைத் தவிர அந்த உலகத்தில் இருக்கும் மீதி எல்லாமே கேம் மாஸ்டரின் பொறுப்பு: கதவு, மழை, சத்திரக்காரர், ஓநாய்க் கூட்டம், எங்கோ உட்கார்ந்து சதி செய்கிறவர்.

கேட்பதற்குப் பெரிய வேலை போலத் தெரியும். நடைமுறையில் மூன்று விஷயம்தான். நிலைமையைச் சொல்வீர்கள். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். அவர்கள் செய்ததால் என்ன ஆயிற்று என்று சொல்வீர்கள். அது புதிய நிலைமை ஆகிவிடும், மறுபடி கேட்பீர்கள். விளைவு நிச்சயமில்லாத இடத்தில் மட்டும் டைஸ் (பகடை) வரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள், கால் ஆஃப் கதூலுவில் கீப்பர், டிராவலரில் ரெஃப்ரி. எல்லா இடத்திலும் வேலை இதுதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் ஆட்டக்காரர்களின் எதிரி அல்ல. எதிரிகளின் வேஷத்தைப் போடுவீர்கள், அவர்களைச் சாமர்த்தியமாகவும் நடத்துவீர்கள். ஆனால் அந்தக் கேரக்டர்களின் மேல் மேஜையில் எல்லோரையும்விட அதிக அக்கறை உள்ளவர் நீங்களாக இருக்க வேண்டும்.

நான் ஒருமுறைகூட ஆடியதே இல்லை. நேராக நடத்தலாமா?

தாராளமாக. குழுவில் எல்லோரும் புதியவர்கள் என்றால் யாராவது ஒருவர் அப்படித்தான் தொடங்கியாக வேண்டும். முடிந்தால் யாராவது ஆடும் ஒரு செஷனை இணையத்தில் அரை மணி நேரம் பாருங்கள். பேச்சு எப்படிப் போகிறது என்பது பிடிபடும். ஆனால் தொழில்முறை நடிகர்கள் ஆடும் நிகழ்ச்சிகளை உங்களுக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பார்வையாளர்களுக்காக ஆடுகிறார்கள். உங்கள் மேஜையில் பார்வையாளரே கிடையாது.

எந்த கேமில் தொடங்குவது?

உங்கள் நண்பர்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வாள், மந்திரம், பூதம் என்றால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கியது. இந்த வகை விளையாட்டில் கடைக்கு வந்த முதல் கேம் அதுதான். இன்றும் அதிகம் பேர் ஆடுவதால் சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பது சுலபம். அடிப்படை விதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஐந்தாம் பதிப்பின் மைய விதித் தொகுப்பை 2023 ஜனவரியில், யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியிட்டுவிட்டார்கள்.

மர்மமும் பயமும் வேண்டும் என்றால் 1981-இல் வந்த கால் ஆஃப் கதூலு. நூற்றுக்கு இத்தனை என்று திறமை எழுதியிருக்கும், அந்த எண்ணோ அதற்குக் கீழோ உருட்டினால் வெற்றி. புதியவருக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். இதற்கும் இலவச அறிமுக விதிநூல் உண்டு, உள்ளேயே ஆடத் தயாரான ஒரு பேய்வீட்டுக் கதையும் இருக்கிறது.

விதிநூலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு நான் சொல்வது ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். முழு கேமும் ஒரே பக்கம். ஒவ்வொருவரும் 2-லிருந்து 5-க்குள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். அறிவையும் கருவியையும் நம்பிச் செய்யும் காரியத்துக்கு அந்த எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனசையும் உணர்ச்சியையும் நம்பிச் செய்வதற்கு மேலே. சாதாரண ஆறு பக்க டைஸ் போதும். நடத்துபவர் கதையைத் தொடங்க ஒரு சிறு அட்டவணைகூட அதே பக்கத்தில் இருக்கிறது. விண்வெளிக் கப்பல் பிடிக்கும் நண்பர்கள் என்றால் இன்று மாலையே ஆடிவிடலாம்.

விதிநூல் முழுவதையும் படித்துவிட வேண்டுமா?

வேண்டாம். டைஸ் உருட்டும் அடிப்படை முறை, சண்டை நடக்கும் வரிசை, அடிபட்டால் என்ன, ஆட்டக்காரர்களின் கேரக்டர் ஷீட்டில் (கேரக்டரின் விவரங்களை எழுதிய தாள்) இருக்கும் திறமைகள். இவ்வளவு தெரிந்தால் முதல் நாளைத் தாண்டிவிடலாம். மீதியை எந்தப் பக்கத்தில் தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும். மந்திரவாதியை வைத்திருப்பவரிடம் "உன் மந்திரங்களை நீயே படித்துவிட்டு வா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்லாருடைய விதியையும் நீங்களே சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதல் தடவைக்கு எவ்வளவு தயார் செய்ய வேண்டும்? கதை முழுவதும் எழுத வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் களைத்துப்போகும் இடம் இது.

கதை எழுதாதீர்கள். நிலைமையை மட்டும் எழுதுங்கள். "முதலில் சத்திரத்துக்குப் போவார்கள், அங்கே ஒரு கிழவர் ரகசியத்தைச் சொல்வார், பிறகு குகைக்குப் போவார்கள்" என்று எழுதி வைத்தால், சத்திரத்தைத் தாண்டி நடந்துவிட்டாலே உங்கள் தாள் வீணாகிவிடும். அதற்குப் பதிலாக யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள்.

ஒரு உதாரணம். கடலோரக் கிராமம். கலங்கரை விளக்கம் மூன்று இரவாக எரியவில்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேச மறுக்கிறார். காரணம் இதுதான்: வரப்போகும் கப்பலைப் பாறையில் மோதவிட்டுச் சரக்கை அள்ள நினைக்கும் ஒரு கும்பல், அவருடைய மகனைக் கடற்குகையில் பிடித்து வைத்திருக்கிறது. கப்பல் இன்று நள்ளிரவு வருகிறது.

இப்போது ஆளுக்கு ஒரு வரி. பெரியவருக்கு மகன் உயிரோடு வேண்டும், மற்றது எதுவும் பொருட்டில்லை. கும்பலின் தலைவிக்குச் சரக்கு வேண்டும், கொலைப்பழி வேண்டாம். அதனால் பேரம் பேசினால் காது கொடுப்பாள். ஊர்த்தலைவரின் பணம் முழுவதும் அந்தக் கப்பலில் இருக்கிறது, அவர் கதவை உடைக்கத் துடிக்கிறார். அப்புறம் நேரம்: அந்தியில் கும்பலின் ஆள் ஒருவன் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வருவான், பத்து மணிக்குப் படகுகள் கடலில் இறங்கும், பன்னிரண்டுக்குக் கப்பல் பாறைக்கு வந்துவிடும். இடம் மூன்று: கோபுரம், குகை, படகுத்துறை. கடைசியாக, தாளின் ஓரத்தில் யாருக்கும் சூட்டாத பத்துப் பெயர்கள். ஆட்டக்காரர்கள் வழியில் போகிற எவரையாவது நிறுத்தி "உங்கள் பெயர் என்ன?" என்று நிச்சயம் கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு பெயரும் தோன்றாது.

கவனித்தீர்களா, இதை எப்படித் தீர்ப்பது என்று நான் எங்கும் எழுதவில்லை. கடற்கரையில் பெரிய தீ மூட்டிக் கப்பலை எச்சரிக்கலாம். மகனை மீட்கலாம். தலைவியிடம் பேசிப் பார்க்கலாம். கும்பலோடு கூட்டுச் சேர்ந்து பங்கு கேட்கலாம். எதுவானாலும் உங்கள் தாள் கைகொடுக்கும், ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் துப்பைக் கண்டுபிடிக்காமலே போய்விட்டால்?

ஒரே துப்பை நம்பி இருந்தால் அப்படித்தான் ஆகும். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற வடிவமைப்பாளர் 2008-இல் எழுதிய ஒரு விதி இதற்குப் பெயர்போனது: ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டுமோ, அந்த ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள். ஒன்றைப் பார்க்க மாட்டார்கள், இன்னொன்றைப் பொருட்படுத்த மாட்டார்கள், மூன்றாவது எப்படியாவது கண்ணில் படும்.

நம் கலங்கரை விளக்கத்தில் "மகன் பிணையாக இருக்கிறான்" என்பது தெரிந்தாக வேண்டும். வலை பின்னும் பெண்மணி "பையனை மூன்று நாளாகக் காணோமே" என்பார். கோபுரத்தின் ஜன்னல் வழியே பார்த்தால் இரண்டு தட்டில் சாப்பாடு போட்டிருக்கும், ஒன்று தொடப்படாமல் கிடக்கும். அந்தியில் வரும் ஆளின் கையில் பையனுடைய செருப்பு ஒன்று இருக்கும், பெரியவருக்கு அடையாளம் காட்ட.

எத்தனை பேர் இருந்தால் நல்லது? எவ்வளவு நேரம்?

மூன்று அல்லது நான்கு பேர், மூன்று மணி நேரம். ஆறு பேரானால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பேச்சு குறைந்துவிடும், சண்டையில் தன் முறைக்குக் காத்திருந்து அலுத்துப்போவார்கள். மாதக்கணக்கில் நீளும் கேம்பெய்னுக்கு இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரே மாலையில் முடியும் ஒன் ஷாட் என்று சொல்லுங்கள். பிடித்திருந்தால் தொடர்வது எளிது. வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குவதுதான் சங்கடம்.

ஆட்டத்துக்கு முன்னால் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

எந்த மாதிரிக் கதை, எவ்வளவு சண்டை, கேரக்டர் சாகலாமா, எதெல்லாம் கதையில் வரவே கூடாது. கடைசிக் கேள்வியைச் சிலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் மேஜையில் இருப்பவர் எதைக் கடந்து வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. குழந்தைகளுக்குத் துன்பம், பாலியல் வன்முறை, சிலந்தி, எதுவாகவும் இருக்கலாம். காரணம் கேட்காமல் குறித்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. சில விஷயங்கள் கதையில் அறவே வரக்கூடாது. சில விஷயங்கள் நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் திரையை மூடிவிட வேண்டும். மேலே சொன்ன கதையில் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறுவனை. அது ஒருவருக்குக் கஷ்டம் என்றால், மகனுக்கு இருபத்தைந்து வயது ஆக்கிவிடுங்கள், அல்லது பிணையாக இருப்பது அவருடைய படகு என்று மாற்றிவிடுங்கள். கதைக்கு ஒன்றும் குறையாது.

ஆட்டத்தின் நடுவில் திடீரென்று ஒன்று வந்துவிட்டால்? அதற்காக ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு இருக்கிறது. எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டையை மேஜை நடுவில் வைப்பீர்கள். யார் அதைத் தொட்டாலும், தூக்கினாலும், அந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே போவீர்கள். விளக்கம் கேட்கக் கூடாது. நெருங்கிய நண்பர்கள்தானே, இது எதற்கு என்று தோன்றும். நெருங்கிய நண்பர்களிடம்தான் "நிறுத்து" என்று வாய்விட்டுச் சொல்வது கஷ்டம்.

எப்போது டைஸ் உருட்டச் சொல்ல வேண்டும்?

வெற்றி, தோல்வி இரண்டுமே நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டுமே கதையில் ஏதாவது மாற்ற வேண்டும். இல்லையென்றால் உருட்ட வேண்டாம். அவசரமே இல்லாதபோது பூட்டைத் திறக்கும் திருடி திறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

கோபுரத்துக்கே போவோம். திருடியை வைத்திருப்பவர், "முன்கதவு வேண்டாம், பின்பக்கச் சுவரில் ஏறி ஜன்னல் வழியே பார்க்கிறேன்" என்கிறார்.

"கடல் காற்றில் கல்லெல்லாம் ஈரம். ஏறலாம், ஆனால் கஷ்டம். 15 வேண்டும். தவறினால் சத்தம் கேட்கும். ஏறுகிறாயா?"

"ஏறுகிறேன்." இருபது பக்க டைஸில் 9 விழுகிறது. திறமைக்கு 3 கூட்டினால் 12. போதவில்லை.

இங்கே "ஏற முடியவில்லை" என்று சொன்னால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாதி உயரத்தில் ஒரு கல் பெயர்ந்து கீழே விழுந்து நொறுங்குகிறது. நீ ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறாய். உள்ளேயிருந்து நடுங்குகிற குரல்: 'நீங்கள் சொன்னபடிதானே இருக்கிறேன்? இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?' என்ன செய்கிறாய்?"

தோற்றுத்தான் போனார். பெரியவர் உஷாராகிவிட்டார். ஆனால் அவரை யாரோ மிரட்டுகிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. தோல்வியும் கதையை ஒரு அடி முன்னால் தள்ள வேண்டும். டைஸ் உருளும் முன்பே "தவறினால் சத்தம் கேட்கும்" என்று சொன்னதைக் கவனியுங்கள். என்ன ஆபத்து என்று தெரிந்து இறங்கியவர், தோற்றால் கோபப்பட மாட்டார்.

இன்னொன்று, கணக்கு. 3 கூட்டி 15 தொட வேண்டுமானால் டைஸில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 45 சதவீதம். பதற்றம் கூட்டுவதற்காக அதே சுவருக்கு மூன்று முறை உருட்டச் சொல்லி, மூன்றிலும் ஜெயிக்க வேண்டும் என்றால், வாய்ப்பு 9 சதவீதமாகச் சரிந்துவிடும். நீங்கள் அறியாமலே கதவைச் சாத்திவிட்டீர்கள். ஒரு காரியத்துக்கு ஒரு உருட்டல், அதன் முடிவை மாற்றாமல் ஏற்றுக்கொள்வது. அந்த ஆட்டக்காரர் கயிறு, கொக்கி என்று ஏதாவது நல்ல யோசனை சொன்னால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அதே 45 கிட்டத்தட்ட 70 ஆகிவிடும்.

நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தால் என்ன செய்வது?

செய்வார்கள். அதற்காகத்தான் நாம் கூடி ஆடுகிறோம்.

இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். 1969-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஊர். படைத்தலைவர்களை மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஊர்க்காரர்களுக்கும் ஆளுக்கொரு வேஷம், ஆளுக்கொரு நோக்கம் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் அவர் திட்டமிட்டபடி நடக்கவில்லை. தங்களுக்குள் பேசி, சதி செய்து, இஷ்டத்துக்கு எதையெதையோ செய்தார்கள். எல்லாம் கைமீறிப் போய்விட்டது, ஆட்டம் தோல்வி என்று நினைத்தார் வெஸ்லி. ஆடியவர்களோ இன்னொரு முறை நடத்து என்று கேட்டார்கள். அந்த வட்டத்தில் இருந்த டேவ் ஆர்னெசன் இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு பிளாக்மூர் என்ற தன் கற்பனை நாட்டை உருவாக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

எனவே பதறாதீர்கள். "ஐந்து நிமிஷம் இடைவேளை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் தாளைப் பாருங்கள்: அவர்கள் செய்தது யார் காதுக்கு எட்டும்? அவருக்கு வேண்டியது என்ன? அப்படியானால் அவர் இப்போது என்ன செய்வார்? பதில் தானாக வரும். ஊர்த்தலைவரை அவர்கள் கட்டிப்போட்டுவிட்டார்களா? சரி, ஊர் மக்கள் தேடத் தொடங்குவார்கள்.

எனக்குக் குரல் மாற்றிப் பேசி நடிக்க வராது.

தேவையே இல்லை. "பெரியவர் உங்கள் கண்ணைப் பார்க்காமல், மகனைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறார்" என்று படர்க்கையில் சொன்னாலே போதும். கண்ணைப் பார்க்காமல் என்ற அந்த ஒரு சொல், பத்து வகைக் குரலைவிட அதிகம் சொல்லிவிடும்.

சண்டை வந்தால் ஒரு மணி நேரம் இழுக்கிறது.

யார் முதலில், யார் அடுத்து என்ற இனிஷியேட்டிவ் வரிசையை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள், "இப்போது நீ, அடுத்தது அவள்" என்று இருவரையும் சொல்லுங்கள். அடி படுகிறதா என்று பார்க்கும் டைஸையும் எவ்வளவு சேதம் என்று பார்க்கும் டைஸையும் சேர்த்தே உருட்டச் சொல்லுங்கள். முடிவு தெரிந்துவிட்ட சண்டையை முடித்துவிடுங்கள். பாதிப் பேர் விழுந்ததும் மீதிக் கொள்ளைக்காரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுவதுதான் இயல்பு. உயிர் எல்லோருக்கும் வெல்லம்.

எதிரிகளின் எண்ணிக்கையில் மட்டும் கவனமாக இருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில் கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்கு 7 ஹிட் பாயிண்ட்தான், அதாவது அவ்வளவு சேதத்தைத்தான் தாங்கும். பார்த்தால் பூச்சி மாதிரி இருக்கும். ஆனால் அதன் அம்பு ஒவ்வொன்றும் சராசரியாக ஐந்துக்கு மேல் சேதம் செய்யும். முதல் நிலை மந்திரவாதிக்கு இருப்பதே ஏழெட்டுப் பாயிண்ட். இரண்டு கோப்ளின் அவரையே குறி வைத்தால் முதல் சுற்றிலேயே சாய்ந்துவிடுவார். ஒரு எதிரியின் பலத்தைவிட, எதிர்த்தரப்பு ஒரு சுற்றில் எத்தனை முறை அடிக்கிறது என்பதுதான் சண்டையைத் தீர்மானிக்கும். சந்தேகமாக இருந்தால் குறைவான ஆட்களோடு தொடங்குங்கள். தேவைப்பட்டால் இரண்டாம் சுற்றில் இன்னும் இருவர் ஓடி வரலாம்.

கேம் மாஸ்டர் தன் முன்னால் நிறுத்தும் அட்டைத் திரைக்குப் பின்னால் உருட்டி, பிடிக்காத எண்ணை மாற்றிச் சொல்லலாமா?

பலர் செய்கிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எந்த முடிவை ஏற்க உங்களுக்கு மனமில்லையோ, அதற்கு டைஸையே எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். கேம் மாஸ்டரும் அடுத்து என்ன என்று தெரியாமல் டைஸைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் மேஜையில் வரும் ஆர்வத்தை வேறு எதனாலும் கொண்டுவர முடியாது. எண் மாற்றப்படுகிறது என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அவர்கள் ஜெயித்ததும்கூடச் சப்பென்று ஆகிவிடும்.

ரகசியமாக இருக்க வேண்டிய உருட்டல்கள் உண்டு: எதிரே பேசுபவர் பொய் சொல்கிறாரா என்பது போல. அவற்றை மறைத்து உருட்டுவதில் தவறில்லை. மாற்றுவதுதான் கூடாது.

கேரக்டர் செத்துப்போனால்?

முன்பே பேசியிருந்தால் அதன்படி. ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயிண்ட் பூஜ்யமானதும் உடனே உயிர் போய்விடாது. தன் முறை வரும்போதெல்லாம் ஒரு இருபது பக்க டைஸ், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, இல்லையென்றால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்வதற்குள் மூன்று தோல்வி சேர்ந்தால்தான் சாவு. அதற்குள் கூட்டாளிகள் காப்பாற்றலாம். அப்படியும் இறந்துவிட்டால் அந்த ஆட்டக்காரரைக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்காதீர்கள். கட்டுண்டு கிடக்கும் மகனின் கேரக்டரை உடனே அவர் கையில் கொடுங்கள்.

ஒருவர் விடாமல் பேசுகிறார், ஒருவர் வாயே திறப்பதில்லை.

பேசாதவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். "என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் முதலில் வாயைத் திறப்பவர் எப்போதும் ஒரே ஆள்தான். "அவர்கள் கதவருகே பேசிக்கொண்டிருக்கும்போது உன் வீரன் எங்கே நிற்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். சின்ன, பதில் சொல்லக்கூடிய கேள்வி. சிலர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருப்பதை விரும்புவார்கள், முகத்தில் தெரியும். அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

அதிகம் பேசுபவரிடம் எல்லோர் முன்னாலும் எதுவும் சொல்லாதீர்கள். இடைவேளையில் தனியாக, "அவளுக்கும் கொஞ்சம் வழி விடேன், நீ கேட்டால் பேசுவாள்" என்று உதவி கேட்பது போலச் சொல்லுங்கள். நல்ல மனசுக்காரர்தான், ஆர்வக்கோளாறு. பெரும்பாலும் அவரே அடுத்தவரை இழுத்துவிடுவார்.

விதியில் தகராறு வந்தால்?

இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அப்போதைக்கு ஒரு தீர்ப்பு, ஆட்டக்காரருக்குச் சாதகமாக. பிறகு பார்த்துச் சரியான விதியை அடுத்த முறையிலிருந்து கடைப்பிடிக்கலாம். குழுவில் விதி நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரிடமே கேளுங்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

எல்லோரும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம்.

டிஸ்கார்டில் குரல் அழைப்பு, கூடவே டைஸ் உருட்டும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்று. முதல் தடவைக்கு இது போதும். ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற மெய்நிகர் மேஜைகளில் வரைபடம், வெளிச்சம், கேரக்டர்களைக் காட்டும் டோக்கன் எல்லாம் உண்டு, அழகாகவும் இருக்கும். ஆனால் அவற்றைக் கற்றுக்கொள்வது தனி வேலை. இரண்டையும் ஒரே நாளில் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இணையத்தில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழும் என்பதால், பெயர் சொல்லிக் கேட்பது இங்கே இன்னும் முக்கியம்.

முதல் செஷன் முடிந்தது. அடுத்து என்ன?

"நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "இன்று எந்த இடம் மனதில் நின்றது?", "எந்த இடத்தில் அலுப்பாக இருந்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களையும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆசையாக இருக்கிறதா? இல்லையென்றால் அதில் ஒரு குறையும் இல்லை, மீண்டும் ஆட்டக்காரராக உட்காருங்கள். நடத்திப் பார்த்தவர் அடுத்தவர் மேஜையில் அருமையான ஆட்டக்காரராக இருப்பார்.

ஆசையாக இருக்கிறது என்றால், நினைவு மறையும் முன் நாலு வரி எழுதி வையுங்கள். அவர்கள் யார் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், யாரைத் தப்பிக்க விட்டார்கள். வலை பின்னும் பெண்மணியை நீங்கள் ஒரு வரிக்காக வைத்திருப்பீர்கள். அவர்கள் அவரிடம் அரை மணி நேரம் பேசியிருப்பார்கள். அப்படியானால் அடுத்த தாளில் முதலில் எழுத வேண்டியது அவருக்கு என்ன வேண்டும் என்பதைத்தான்.